விதையில் கேன்சர் ஏன் வருகிறது: சிறு வயதில் விதை இறங்காமல் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு

விதை கேன்சர் எதனால் வருகிறது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். மீதியைப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்களுக்கு வயது 29. ஒன்பது வயதில், வலது பக்க விதை இறங்காமல் இருந்ததை ஆபரேஷன் செய்து விதைப்பையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவருக்கு இதே நோய் என்று ஒரு பக்க விதையை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் தினமும் பைக்கில் போவது, மடியில் லேப்டாப் வைத்து வேலை பார்த்தது, கல்லூரியில் கிரிக்கெட் பந்து பட்டு வீங்கியது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து தூக்கம் கெடுகிறது. கடைசி வரியில், போகிற போக்கில், 11 மாதப் பையனுக்கும் ஒரு பக்கம் இறங்கவில்லை, “தானா இறங்கிடும்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, நான் செய்த ஏதோ ஒன்றால் இது வருமா, எனக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு, பையனுக்கு என்ன செய்வது என்பவைதான் உங்கள் கேள்விகள். இதில் அவசரமானது நீங்கள் கடைசியில் எழுதியது. ஆனால் அதற்கான பதில் ஏன் அப்படி என்று புரிய, காரணத்தை முதலில் பேசிவிட வேண்டும்.

நான் யூராலஜி சர்ஜன். தென் மாவட்டங்களில் பல வருடங்களாக இந்த நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். இங்கே எழுத்தில் சொல்ல முடிவது பொதுவான விவரம்தான். உங்கள் வலது பக்கத்தை யாராவது கையால் தொட்டுப் பார்த்தால்தான் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியும்.

முதலில் நோயின் அளவு. ஆண்களுக்கு வரும் கேன்சர்களில் இது நூற்றில் ஒன்று. மற்ற கேன்சர்கள் வயதானவர்களைத் தேடி வரும். இது 15 முதல் 40 வயது வரை உள்ளவர்களிடம்தான் அதிகம். விதையில் வரும் கட்டிகளில் 95 சதவீதம், விந்தணுவை உண்டாக்க வேண்டிய ‘ஜெர்ம் செல்’ என்ற கருவணுக்களிலிருந்து கிளம்புபவை. செமினோமா, செமினோமா அல்லாதவை என்று அவற்றை இரண்டாகப் பிரிப்போம். அறுபது வயதுக்கு மேல் விதையில் கட்டி வந்தால் அது பெரும்பாலும் லிம்போமா, அதாவது நிணநீர் செல்களில் தொடங்கும் கேன்சர். அது வேறு கதை. உலகிலேயே இந்த நோய் அதிகம் நார்வேயிலும் டென்மார்க்கிலும்; அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் சுமார் பத்துப் பேருக்கு வருகிறது. இந்தியாவில் லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தைத் தேடும்போது திரும்பத் திரும்ப உதவும்.

இப்போது காரணம். பெரும்பாலான நிபுணர்கள் இன்று ஒத்துக்கொள்ளும் விஷயம்: இந்த நோய் 25 வயதில் வெளியே தெரிந்தாலும், தொடங்குவது தாயின் கர்ப்பத்தில். கருவில் ஆண் குழந்தை உருவாகும்போது, ஜெர்ம் செல்கள் உடம்பின் நடுக்கோட்டை ஒட்டி நகர்ந்து வந்து, விதையாக மாறப்போகும் இடத்தில் குடியேறுகின்றன. அங்கே சுற்றியிருக்கும் செல்கள் தரும் ஹார்மோன் சைகைகளைக் கேட்டு முதிர்ந்து, விந்தணுவின் மூல செல்லாக மாற வேண்டும். சில செல்கள் அப்படி மாறாமல் கரு நிலையிலேயே தங்கிவிடுகின்றன. பத்துப் பன்னிரண்டு வருடம் சும்மா கிடக்கும். வயதுக்கு வரும்போது ஹார்மோன் பாய்ந்ததும் பெருக ஆரம்பிக்கும். கோபன்ஹேகனில் நீல்ஸ் ஸ்காக்கெபெக் என்ற மருத்துவர், குழந்தையின்மைக்காகப் பரிசோதித்த ஆண்களின் விதைத் திசுவில் இந்த விசித்திர செல்களைப் பார்த்து, இவைதான் கேன்சரின் முன்நிலை என்று 1972-ல் எழுதினார். அப்படிப்பட்ட செல்கள் இருக்கும் விதையில், ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி வந்துவிடுகிறது என்று பின்னால் தெரிந்தது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு இதே குடும்பத்துக் கட்டி விதையில் வராமல் இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் வந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அந்த ஜெர்ம் செல்கள் கருவில் நடந்து வரும் பாதையில் சில வழி தவறி நடுக்கோட்டிலேயே தங்கிவிடலாம் என்பதுதான் அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

கர்ப்பத்தில்தான் தொடங்குகிறது என்பதற்கு மைக்ரோஸ்கோப் மட்டும் சாட்சி இல்லை. எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வேறு. 20-ஆம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவில் இந்த நோய் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே போனது. ஆனால் டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் அந்த ஏற்றத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் பிறந்த ஆண்களுக்கு, அவர்களுக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிட நோய் குறைவு. போருக்குப் பிறகு பிறந்தவர்களிடம் மறுபடி ஏறிவிட்டது. போர்க்காலத்தில் பிறந்த அந்தப் பையன்கள் வளர்ந்து இருபது முப்பது வயதில் வாழ்ந்த உலகம், மற்றவர்கள் வாழ்ந்த அதே உலகம்தான். அதே காற்று, அதே சாப்பாடு. வித்தியாசம் அவர்கள் வயிற்றில் இருந்தபோதும் கைக்குழந்தையாக இருந்தபோதும் மட்டும்தான். அந்த நாட்களில் தாய்மார்களின் சாப்பாடு மாறியது, புகையிலை, காபி போன்றவை கிடைப்பது குறைந்தது, தொழிற்சாலைப் பொருட்கள் குறைந்தன. இதில் எது காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் காலம் எது என்பதில் சந்தேகம் குறைவு.

குடிபெயர்ந்தவர்களிடமும் இதே கதைதான். நோய் குறைவாக உள்ள நாடுகளிலிருந்து டென்மார்க்குக்குப் போய்க் குடியேறியவர்களுக்கு, எத்தனை வருடம் அங்கே வாழ்ந்தாலும் சொந்த நாட்டின் குறைந்த அளவே தொடர்ந்தது. அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கோ டென்மார்க்காரர்களின் அளவுக்கு அருகில் போய்விட்டது. வளர்ந்த பிறகு வாழும் இடம் பெரிதாக மாற்றவில்லை, பிறந்த இடம் மாற்றுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கும் நம்மவர்கள் தங்கள் பிள்ளைகள் விஷயத்தில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இனி உங்கள் விஷயம். நமக்கு உறுதியாகத் தெரிந்த ஆபத்துக் காரணிகளில் முதலிடம் இறங்காத விதைக்குத்தான். மாதம் நிறைந்து பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இது இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் மிக அதிகம். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில மாதங்களில் இறங்கிவிடும், ஒரு வயதில் நூற்றுக்கு ஒருவர் மிஞ்சுவார். ஸ்வீடனில் இறங்காத விதைக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய 17 ஆயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால், 13 வயதுக்கு முன் ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஆபத்து 2.2 மடங்கு, 13 வயதுக்குப் பின் செய்தவர்களுக்கு 5.4 மடங்கு. உங்களுக்கு ஒன்பதில் நடந்திருக்கிறது, எனவே நீங்கள் முதல் கூட்டத்தில் வருகிறீர்கள்.

இரண்டு மடங்கு என்றதும் வயிற்றைப் பிசையும். எதன் இரண்டு மடங்கு என்று பாருங்கள். நம் நாட்டில் சராசரி, ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. இளைஞர்களை மட்டும் எடுத்தால் அது கொஞ்சம் கூடும். ஸ்வீடனின் பெருக்கல் நமக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொண்டாலும் (அது ஓர் அனுமானம்தான்), உங்களைப் போல ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் இந்த நோய் வரப்போவதில்லை. பெருக்கல் எண்ணை மட்டும் சொல்லி, அடிப்படை எண்ணைச் சொல்லாமல் விடுவது இணையத்தில் நடக்கும் பெரிய அநியாயம்.

இறங்காத விதை ஏன் கேன்சரை இழுக்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, வயிற்றுக்குள் இருக்கும் சூடு. விதைப்பை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியானது. உள்ளேயே தங்கும் விதை சூட்டில் கெடுகிறது. இரண்டு, கர்ப்பத்தில் விதை சரியாக உருவாகாமல் போன அதே கோளாறுதான் இறங்காமல் போனதற்கும், பின்னால் கேன்சர் வருவதற்கும், விந்தணு குறைவதற்கும் பொதுவான வேர் என்பது. முதல் விளக்கம் மட்டும் உண்மையென்றால், சீக்கிரம் இறக்கிவிட்டால் ஆபத்து முழுசாகப் போய்விட வேண்டும், போகவில்லை. இரண்டாவது மட்டும் உண்மையென்றால், எப்போது இறக்கினாலும் ஒன்றுதான் என்றாக வேண்டும். ஸ்வீடன் கணக்கு அப்படியும் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்பது என் எண்ணம். பத்துக் கேன்சர் நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இறங்காத விதையின் வரலாறு இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீதி ஒன்பது பேரிடம் ‘இதனால்தான்’ என்று கைகாட்ட எதுவும் இருப்பதில்லை. உங்கள் ஆபீஸ் நண்பர் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, அவர் “நான் என்ன பண்ணேன்?” என்று கேட்டால், ஒன்றும் பண்ணவில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

உறுதியான மற்றக் காரணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் ஏற்கெனவே வந்தவருக்கு மறுபக்கம் வரும் ஆபத்து, மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஆனாலும் 15 வருடத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் அப்படி வருகிறது. கூடப் பிறந்த சகோதரனுக்கு வந்திருந்தால் 8 மடங்கு வரை, அப்பாவுக்கு வந்திருந்தால் சுமார் 4 மடங்கு. மார்பகப் புற்றில் பேசப்படும் பிராகா மாதிரி ‘இதுதான் அந்த மரபணு’ என்று சுட்டும் ஒன்று இங்கே கிடைக்கவில்லை. சிறிய சிறிய பங்கு வகிக்கும் மரபணு இடங்கள் பல கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரியது 2009-ல் கண்டுபிடிக்கப்பட்ட கிட் லிகாண்ட் மரபணு; கருவில் ஜெர்ம் செல்கள் நகர்ந்து போகவும் பிழைக்கவும் உதவுவதுதான் அதன் வேலைகளில் ஒன்று என்பதால், மறுபடி கர்ப்பத்துக்கே வந்து நிற்கிறோம். விந்தணு குறைபாடு உள்ள ஆண்களுக்கும் ஆபத்து சற்று அதிகம். அதனால் குழந்தையில்லை என்று வரும் ஆணின் விதையைத் தொட்டுப் பார்க்காமல் வெறும் விந்துப் பரிசோதனைச் சீட்டை வைத்து மருந்து எழுதுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் ஓரளவு அதிகம்.

அடுத்தது சந்தேகக் கூட்டம். உயரமானவர்களுக்குக் கொஞ்சம் அதிகம் வருகிறது என்று பல ஆய்வுகள் சேர்ந்து சொல்கின்றன, ஐந்து செ.மீ.க்கு 13 சதவீதம் என்ற அளவில். புள்ளிவிவரம் நம்பத்தக்கது, அர்த்தம்தான் புரியவில்லை. உயரத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. கஞ்சா பல வருடம் தொடர்ந்து பிடிப்பவர்களுக்கு செமினோமா அல்லாத வகை அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் சில சொல்கின்றன. அவை நோயாளிகளிடம் பழைய பழக்கத்தைக் கேட்டு எழுதியவை, எண்ணிக்கையும் குறைவு. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், கஞ்சா பிடிப்பவர் நிறுத்த இன்னொரு காரணம் என்று சொல்வேன். ரசாயனங்களில், நான்ஸ்டிக் பூச்சுத் தொழிலில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. முக்கியமானது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா, ஒஹையோ பகுதியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து அது குடிநீரில் கலந்த ஊர்களில் சிறுநீரகப் புற்றும் விதைப் புற்றும் கூடுதலாக இருந்தன. லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2023-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. ஆனால் விதைப் புற்றைப் பொறுத்தவரை மனிதர்களிடமிருந்து கிடைத்த ஆதாரம் ‘வரையறுக்கப்பட்டது’ என்றுதான் குறித்தது. தீயணைப்பு வீரர்களின் வேலையைப் பற்றி 2022-ல் அது சொன்னதும் விதைப் புற்று விஷயத்தில் அதே தரம்தான். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து உடம்பில் சிதைந்து உண்டாகும் டி.டி.இ. ரத்தத்தில் அதிகம் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு நோய் அதிகம் என்று 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. மலேரியாவுக்காக டி.டி.டி.யை இவ்வளவு தெளித்த நம் நாட்டில் இந்த நோய் இவ்வளவு குறைவாக இருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறவை. அடி பட்டதால் விதையில் கேன்சர் வராது. அடி பட்ட பிறகு அந்த இடத்தைக் கவனித்துப் பார்க்கிறோம், அப்போது ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படுகிறது. அதனால் ‘பந்து பட்டுத்தான் வந்தது’ என்று நோயாளியும் நம்புகிறார், ஊரும் நம்புகிறது. பைக், சைக்கிள், இறுக்கமான ஜட்டி, மடியில் லேப்டாப் ஆகியவற்றுக்கும் கேன்சருக்கும் தொடர்பு இருப்பதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை. சூடு விந்தணுவைக் குறைக்கலாம், எனவே லேப்டாப்பை மேஜையில் வைப்பது நல்லதுதான். ஆனால் அது வேறு கணக்கு. சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் 25 வயதில் வந்ததால் சைக்கிள் சீட்டின் மேல் பழி விழுந்தது; அவருக்கு அந்த வயதே போதுமான ‘காரணம்’. சுய இன்பத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டு யாராவது படித்துக்கொண்டிருப்பார் என்பதற்காக எழுதுகிறேன். ஆண் கருத்தடை ஆபரேஷன் மேல் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. டென்மார்க்கில் அதைச் செய்துகொண்ட 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, தொடர்பு இல்லை என்று 1994-ல் தெளிவாக்கினார்கள். ‘புகைக்கரியால் விதையில் கேன்சர் வந்ததாகப் பள்ளியில் படித்தோமே’ என்று சிலர் கேட்பார்கள். லண்டனில் பெர்சிவல் பாட் 1775-ல் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளிடம் பார்த்தது விதைப்பைத் தோலின் கேன்சர். விதைக்கும் அதற்கும் இடம் மட்டும்தான் பக்கத்துப் பக்கம்.

விரைவீக்கம், அதாவது விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது, கேன்சராக மாறாது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில், பை வீங்கினாலே ‘ஓதம்’ என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. என்னிடம் வந்த ஓர் இளைஞர் ஊரில் ஒருவரிடம் ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டு வந்திருந்தார். எடுத்தது கொஞ்சம் மஞ்சள் நீர், வீக்கம் வடியவில்லை. அறையில் விளக்கை அணைத்துவிட்டு, பையின் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். முன்பக்கம் மேலே ஒரு விளிம்பு மட்டும் சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தது, கீழே முழுக்க இருட்டு. நீர் இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவும், கட்டி வெளிச்சத்தை மறைக்கும். விதைக் கேன்சர் வந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குக் கட்டியோடு சேர்ந்து கொஞ்சம் நீரும் இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது. பை வழியாக ஊசி குத்துவதும் கத்தி வைப்பதும் கேன்சர் செல்கள் வேறு நிணநீர்ப் பாதைக்குப் போக வழிவிடும். அதனால்தான் நாங்கள் சந்தேகப்படும் விதையைப் பை வழியாகத் தொடுவதே இல்லை. இடுப்பு மடிப்பு வழியாகத்தான் எடுப்போம். உங்கள் நண்பரின் தழும்பும் அங்கேதான் இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, எந்தத் தொந்தரவும் இல்லாத ஆண்கள் எல்லோருக்கும் வழக்கமான சோதனை தேவையில்லை என்று 2011-ல் சொன்னது. நோய் அரிது, தாமதமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் குணமாகிறது, வீண் பயமும் வீண் ஸ்கேனும்தான் மிஞ்சும் என்பது அதன் வாதம். நான் அதை ஏற்கிறேன், ஆனால் உங்களைப் போல விதை இறக்கி வைத்தவர்களை ‘எல்லோரும்’ என்ற கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். மாதம் ஒரு முறை வெந்நீரில் குளித்த பிறகு, இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் ஒவ்வொரு விதையாக உருட்டிப் பாருங்கள். வழவழவென்று இருக்கும். பின்பக்கம் மிருதுவாக, கயிறு மாதிரி நீளமாகத் தட்டுப்படுவது விந்துக்குழாய்ச் சுருள். அதைக் கட்டி என்று நினைத்து ஓடி வருகிறவர்கள் அதிகம். இறக்கி வைத்த பக்கம் மற்றதைவிடச் சின்னதாக இருப்பதும் சகஜம். விதையின் உடம்பிலேயே கல் போல ஒரு பகுதி, புதிதாக வந்த பாரம், ஒரு பக்கம் பெரிதாகிக்கொண்டே போவது: இவற்றில் ஒன்று இருந்தால், வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் வலி இருக்காது. விளக்கம் இல்லாத முதுகுவலி, மார்பு வீங்கி வலிப்பது ஆகியவையும் சில நேரம் இதன் முதல் அறிகுறிகள். ஒரு முறை யூராலஜிஸ்டிடம் காட்டி, அவர் தேவை என்றால் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘மைக்ரோலித்தியாசிஸ்’ என்று பொடிப் பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் இருப்பதாக ரிப்போர்ட் வந்தால் அதுவே கேன்சர் இல்லை. இறங்காத விதையின் வரலாறு இருப்பதால் கொஞ்சம் நெருக்கமாகக் கவனிப்பார்கள். கட்டி ரத்தத்தில் விடும் பொருட்களை அளக்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. பரிசோதனைகளைச் சும்மா எடுத்துப் பார்க்க வேண்டாம். கட்டி உள்ளவருக்குத்தான் அவை பயன்படும். செமினோமாவில் பல நேரம் அவை இயல்பாகவே இருக்கும் என்பதால் பொய்யான நிம்மதியும் தரும்.

நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. கேன்சர்களிலேயே மிக நன்றாகக் குணமாவதில் இது ஒன்று. விதையோடு நின்றிருந்தால் ஏறக்குறைய எல்லோருமே பிழைக்கிறார்கள். பரவியிருந்தாலும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வந்த பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. 1974-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் அதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். ஆர்ம்ஸ்ட்ராங்கும் யுவராஜும் சிகிச்சைக்குப் போனது அதே இண்டியானாபோலிஸுக்குத்தான். அந்த மருந்துகள் இப்போது தமிழ்நாட்டிலேயே சாதாரணமாகக் கிடைக்கின்றன. அவருக்குக் கீமோ சொல்லியிருந்து, குழந்தை வேண்டும் என்ற எண்ணமும் இருந்தால், தொடங்கும் முன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் பையன். “தானா இறங்கிடும்” என்பது ஆறு மாதம் வரை உண்மை. அதற்கு மேல் இறங்குவது அபூர்வம். உலகம் முழுக்க இன்றைய பரிந்துரை, ஆறு மாதத்துக்கு மேல் இறங்காவிட்டால் குழந்தைகள் அறுவை நிபுணரிடம் காட்டி, ஒரு வயதுக்குள், அதிகபட்சம் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷனை முடிப்பது. உங்கள் பையனுக்கு 11 மாதம். இந்த மாதமே காட்ட வேண்டிய நேரம். உங்கள் காலத்தில் ஒன்பது வயது வரை விட்டிருக்கிறார்கள். அதை வைத்து “அப்பனுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் சரியாப் போச்சு” என்று தாத்தா பாட்டி சொல்லலாம். சில பையன்களுக்கு விதை இறங்கித்தான் இருக்கும், குளிரிலோ தொட்டவுடனோ மேலே ஓடி ஒளிந்துகொள்ளும். வெந்நீரில் உட்கார வைத்தால் கீழே வந்துவிடும். அதற்கு ஆபரேஷன் வேண்டாம், வருடம் ஒரு முறை பார்த்தால் போதும். இரண்டில் எது என்று அனுபவமுள்ள கைதான் சொல்லும். ஸ்கேன் பல நேரம் குழப்பும், அதற்காக அலைய வேண்டாம். ஹார்மோன் ஊசி போட்டு இறக்கலாம் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். கையில் தட்டுப்படாமல் வயிற்றுக்குள் இருந்தால் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டு, தேடி இறக்குவார்கள். தனியாரில் செலவு கையைக் கடிக்கும் என்றால், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும், குழந்தைகள் அறுவைப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள். சிறிய ஆபரேஷன்தான், பெரும்பாலான குழந்தைகள் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஒரு பக்கப் பை காலியாக, வயிற்றில் பெரிய கட்டியோடு 30 வயதில் வரும் ஆண்களை இங்கே இன்னும் பார்க்கிறேன். கேட்டால், ஒரு பக்கம் இல்லை என்பது சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம். வயதுக்கு வந்த பிறகும் இறங்காமல் இருந்து, மறுபக்கம் நன்றாக இருந்தால், அதை இறக்கி வைப்பதைவிட எடுத்துவிடுவதையே பெரும்பாலும் சொல்வோம். இன்னொரு ரகமும் உண்டு: இடுப்பு மடிப்பில் பழைய தழும்பு இருக்கும், எதற்காக என்று கேட்டால் “ஹெர்னியானு அம்மா சொல்வாங்க” என்பார், அம்மாவுக்கு போன் போட்டால்தான் அது விதை இறக்கிய ஆபரேஷன் என்று தெரியவரும். பையனுக்கு ஆபரேஷன் நடந்தால், எந்தப் பக்கம், விதை எங்கே இருந்தது, எந்த வயதில் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள். பதினான்கு பதினைந்து வயதில் அவனிடம் நீங்களே சொல்லிக் கொடுங்கள். அம்மாவைவிட உங்களிடமிருந்து கேட்பது அவனுக்கு எளிதாக இருக்கும், தழும்பு உங்களுக்கும் இருக்கிறதே.